கோட்டை தேமா, பொரளை புளிமா: கவிதை எழுதத் தொடங்கும் மாணவர்களுக்கு

தமிழ்த் தினப் போட்டிக்கு ஒரு கவிதை வேண்டும், அல்லது சாதாரண தரத்தில் இலக்கிய நயம் பாடம் எடுத்திருக்கிறீர்கள், அல்லது சும்மா ஆசை. எதுவாக இருந்தாலும் முதலில் கையில் கிடைப்பது ஒரு பட்டியல்தான்: எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை. பாதிப் பேர் அதை மனப்பாடம் செய்து பரீட்சையில் கக்கிவிட்டு மறந்துவிடுகிறார்கள். மீதிப் பேர் "புதுக்கவிதை எழுதினால் இதெல்லாம் தேவையில்லை" என்று தப்பி ஓடுகிறார்கள். என் கணக்கில் இரண்டுமே நட்டம். யாப்பு, அதாவது செய்யுள் கட்டும் முறை, காதால் பிடிக்க வேண்டியது. பெயர்கள் அப்புறம் தானாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே பாடப்புத்தக வரிசையைக் கொஞ்சம் கலைத்துச் சொல்கிறேன். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும்.

முதற்படி: பஸ் பலகையை அசை பிரியுங்கள்

அசை என்பது சொல்லின் ஓசைத் துண்டு; நேர், நிரை என்று இரண்டு வகை. அதைப் பிரிக்க இரண்டே இரண்டு கேள்விகள். சொல்லின் முதல் எழுத்து நெடிலா? அப்படியென்றால் அது அங்கேயே ஓர் அசை, நேர். குறிலா? அடுத்த எழுத்தைப் பாருங்கள். அடுத்தது புள்ளி வைத்த எழுத்தென்றால் அதோடு சேர்த்து மூடிவிடுங்கள், அதுவும் நேர். அடுத்தது உயிர்மெய்யென்றால், குறிலோ நெடிலோ, இரண்டையும் சேர்த்துக் கட்டுங்கள், அது நிரை. மிச்சமுள்ள எழுத்துகளுக்கும் இதே கேள்விகள்தான். கடைசியில் ஒரு குறில் தனித்து மிஞ்சினால் நேர். அசையை அடுத்து வரும் ஒற்றுக்குத் தனிக் கணக்கு இல்லை, முன்னுள்ளதோடு ஒட்டிக்கொள்ளும். ஐகாரம் சொல்லின் நடுவிலும் கடைசியிலும் குறுகி ஒலிக்கும், அதைக் குறில்போல எடுத்துக்கொள்ளலாம்.

அசைகள் சேர்ந்தால் சீர். ஒவ்வொரு சீர் அமைப்புக்கும் தேமா, புளிமா என்பதுபோல ஒரு பெயர் உண்டு. இனி கொழும்புக்குள் ஒரு சுற்று.

கோட்டை: கோட்/டை, நேர் நேர், தேமா.
பொரளை: பொர/ளை, நிரை நேர், புளிமா.
தெஹிவளை: தெஹி/வளை, நிரை நிரை, கருவிளம்.
வத்தளை: வத்/தளை, நேர் நிரை, கூவிளம்.

ஈரசைச் சீர் நான்கும் முடிந்தன. இந்த நாலு ஊரையும் சொல்லிப் பாருங்கள், நாலுக்கும் நாலு தாளம் கேட்கும். கடைசியில் இன்னொரு நேர் சேர்ந்தால் காய்: மருதானை புளிமாங்காய், வெள்ளவத்தை கூவிளங்காய், இரத்மலானை கருவிளங்காய். கடைசியில் நிரை சேர்ந்தால் கனி: கொச்சிக்கடை தேமாங்கனி, கிருலப்பனை புளிமாங்கனி. தேமாங்காய்க்கு ஊர் இல்லையே என்று கேட்பீர்கள். அது கொஞ்சம் தள்ளி வரும், ஒரு தகராறோடு.

இப்படி ஒரு வாரம் பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளையும் ஊர்ப்பெயர்களையும் பிரித்துக்கொண்டே போனால், "நேர், நிரை" என்று விரல் மடக்காமலே காது சொல்லிவிடும். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். வெண்பா (தளைக்கட்டு இறுக்கமான ஒரு பா வகை) வரவில்லை என்று அலுத்துக்கொள்பவர்களில் பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டிருப்பார்கள்.

இரண்டாம் படி: மோனையும் எதுகையும்

சீர்களையும் அடிகளையும் ஒன்றோடொன்று தொடுப்பது தொடை. அது ஐந்து: மோனை, எதுகை, இயைபு, முரண், அளபெடை. தொடக்கத்தில் முதல் மூன்று போதும்.

மோனை முதலெழுத்து ஒன்றி வருவது. "பாணும் பருப்பும்" என்று காலையில் சொல்கிறோமே, அதிலே இருக்கிறது. பா, ப இரண்டும் மோனை. முதலெழுத்து அச்சாக அதுவாகவே இருக்க வேண்டியதில்லை. அ, ஆ, ஐ, ஔ ஓரினம், இ, ஈ, எ, ஏ ஓரினம், உ, ஊ, ஒ, ஓ ஓரினம். ஆனால் "குடை" என்பதற்குக் "கடல்" மோனை ஆகாது. மெய் ஒன்றுதான், உயிர் இனம் மாறிவிட்டது. மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது, முதலெழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும். "அக்கம் பக்கம்", "ஆட்டம் பாட்டம்" என்று நாம் கதைக்கும்போதே வருகிறது. பொரளைக்குப் புரளி நல்ல எதுகை. "பட்டு", "பாட்டு" எதுகை ஆகாது, முதலெழுத்து ஒன்று குறில், ஒன்று நெடில். அடிகளின் முதற்சீர்களுக்கு இடையே எதுகையும் ஓர் அடிக்குள்ளேயே மோனையும் வைப்பது வழக்கம். இயைபு அடியின் கடைசியில் ஒலி ஒன்றுவது. சினிமாப் பாட்டுக் கேட்டு வளர்ந்த காதுக்கு அதைச் சொல்லித் தரவே தேவையில்லை.

மூன்றாம் படி: தளை, அதாவது யாருக்குப் பக்கத்தில் யார்

ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் சேரும் விதம்தான் தளை. பள்ளியில் அது ஏழு வகை என்று படிப்பீர்கள். இப்போதைக்கு வெண்பாவுக்கான மூன்று வரிகளை மட்டும் எழுதி மேசையில் ஒட்டுங்கள்:

மா முன் நிரை.
விளம் முன் நேர்.
காய் முன் நேர்.

தேமா, புளிமா இரண்டும் மா; கூவிளம், கருவிளம் இரண்டும் விளம். "முன்" என்றால் இங்கே அடுத்து என்று பொருள். புளிமாவில் ஒரு சீர் முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். கனிக்கு வெண்பாவில் இடமில்லை, நாலசைச் சீருக்கும் இல்லை.

பாணும் (தேமா), பருப்பும் (நிரையில் தொடங்குகிறது). மா முன் நிரை, சரி. இதையே திருப்பிப் "பருப்பும் பாணும்" என்று வைத்தால் மா முன் நேர் வந்துவிடுகிறது. அது ஆசிரியத்தளை, வெண்பாவுக்கு ஆகாது. சொல் அதேதான், சாப்பாடும் அதேதான், வரிசை மாறியதும் ஓட்டம் மாறிவிட்டது. இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இப்போது அந்தத் தகராறு. பம்பலப்பிட்டி நாலசை கொண்டது, ஒரே சீராக வெண்பாவுக்குள் நுழையாது. ஆனால் "பம்பலப் பிட்டி" என்று உடைத்தால் கூவிளம், தேமா: விளம் முன் நேர், வெண்பாவுக்குரிய தளையான வெண்டளை அமைந்துவிடுகிறது. இப்படி ஒரு சொல்லைச் சீருக்காகப் பிளப்பதற்கு வகையுளி என்று பெயர். கொட்டாஞ்சேனையை அதேபோல உடைத்தால் "கொட்டாஞ் சேனை", தேமாவுக்கு அடுத்து நேர். மாட்டிக்கொண்டோம். கொள்ளுப்பிட்டிக்கும் இதே கதி. கொட்டாஞ்சேனைக்காரர் கோபிக்க வேண்டாம், வழி இருக்கிறது. முன்னால் ஓரசைச் சொல் ஒன்றை ஒட்டுங்கள்: "நம்கொட்டாஞ் சேனை". இப்போது முதற்சீர் நம்/கொட்/டாஞ், அதாவது தேமாங்காய். காய் முன் நேர். ஊர் உள்ளே வந்துவிட்டது, நான் தருவதாகச் சொன்ன தேமாங்காயும் கிடைத்தது.

நான்காம் படி: ஒரு குறள் வெண்பா

எல்லாரும் புதுக்கவிதையில் தொடங்கச் சொல்வார்கள். நான் குறள் வெண்பாவில் தொடங்கச் சொல்வேன். திருக்குறள் முழுவதும் இந்த வடிவம்தான், ஆகவே அதன் ஓசை சின்ன வயதிலிருந்தே நம் காதில் கிடக்கிறது. இரண்டே அடி. முதலடியில் நாலு சீர், இரண்டாமடியில் மூன்று. கடைசிச் சீர் மட்டும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக இருக்க வேண்டும்: தனி நேர், தனி நிரை, நேரோடு ஓர் உகரம், நிரையோடு ஓர் உகரம்.

இந்தக் கட்டுரைக்கென்று ஒன்று கட்டினேன். இடம் கொழும்புக் கடற்கரையோரக் காலிமுகத்திடல்.

கடலை விரும்பிக் கரைதேடி வந்தேன்
திடலெங்கும் வீசும் மணம்

பிரித்துப் பார்ப்போம். கட/லை புளிமா, அடுத்து விரும்/பிக், நிரைத் தொடக்கம், சரி. அதுவும் புளிமா, அடுத்து கரை/தே/டி, நிரைத் தொடக்கம், சரி. கரைதேடி புளிமாங்காய், அடுத்து வந்/தேன், நேர், சரி. வந்தேன் தேமா, அடுத்த அடியின் திட/லெங்/கும் நிரையில் தொடங்குகிறது, சரி. அடி மாறினாலும் தளை தொடரும், மறக்கக் கூடாது. திடலெங்கும் காய்ச்சீர், அடுத்து வீ/சும், நேர். வீசும் தேமா, கடைசியில் மணம், தனி நிரை, மலர் என்னும் வாய்பாடு. கடலை, திடலெங்கும் எதுகை. கடலை, கரைதேடி மோனை. இரண்டாமடியில் மோனை இல்லை. இருந்தால் அழகு, இல்லாவிட்டால் வெண்பா கெட்டுவிடாது.

இனி வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்கலாம். "வந்தேன்" இருந்த இடத்தில் "நடந்தேன்" வைத்தால் காய்க்கு அடுத்து நிரை, கலித்தளை. பொருள் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் வெண்பா போய்விட்டது. இன்னொன்று: "கடலை விரும்பி" என்பதைக் "கடலைத் தேடி" என்று மாற்றினால் மாவுக்கு அடுத்து நேர் வருகிறது, தளை தட்டுகிறது. அதோடு இன்னோர் இழப்பும் உண்டு. காலிமுகத்திடலுக்கு வந்தவர் விரும்பியது சமுத்திரத்தையா, வண்டிலில் வறுத்து விற்கும் கடலையையா? "கடலை விரும்பி" என்று சொல்லும்வரை இரண்டும் பொருந்தும், மணமும் இரண்டுக்கும் உண்டு. இதற்குப் பெயர் சிலேடை. "கடலைத் தேடி" என்று த் ஏறியதும் கொறிக்கும் கடலை ஓடிவிட்டது, கடல் மட்டும் மிஞ்சியது. ஒரு ஒற்றெழுத்து இவ்வளவு வேலை செய்யும் என்பதைக் கட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

பயிற்சிக்கு ஒன்று. "கொழும்பு" என்ற சொல் கொழும்/பு, பிறப்பு வாய்பாட்டுக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆகவே "கொழும்பு" என்று முடியும் ஒரு குறள் வெண்பா எழுதுங்கள். நிரையில் தொடங்குவதால் அதற்கு முந்திய சீர் மாவாக இருக்க வேண்டும்: "எங்கள் கொழும்பு", "மழையில் கொழும்பு", "பழைய கொழும்பு". வெண்பாவைப் பின்னாலிருந்து கட்டுவது எளிது. முடிவு கையில் இருந்தால் முன்சீர்களைத் தேடிப் பிடிக்கலாம்.

ஒரு முறை சரியாக வந்துவிட்டால் மூன்றடிச் சிந்தியல் வெண்பா, நாலடி வெண்பா என்று நீட்டலாம். விதி மாறாது.

ஐந்தாம் படி: மற்ற வடிவங்கள், வேகமாக

ஆசிரியப்பா, அதாவது அகவல், தளைக்கட்டுப்பாடு தளர்ந்தது. நாற்சீரடி, பெரும்பாலும் ஈரசைச் சீர்கள், முடிவில் ஏகாரம். நேரிசை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்திய அடி மூன்று சீர். கதை சொல்ல இதுதான் வசதி. கலிப்பாவும் வஞ்சிப்பாவும் பரீட்சைக்குத் தெரிந்திருந்தால் போதும். விருத்தம் நாலடி, நாலும் அளவொத்து ஓரெதுகையில் ஓடும். பாவோதல் போட்டிக்குப் போகிறவர்களுக்கு இதன் ஓசை ஏற்கெனவே தொண்டையில் இருக்கும்.

குறும்பா பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், அது நம் நாட்டுச் சரக்கு. ஆங்கிலத்தின் ஐந்தடி வேடிக்கைப் பாட்டான லிமரிக்கின் குறும்பை எடுத்துத் தமிழோசைக்குள் உட்கார வைத்தவர் ஈழத்துக் கவிஞர் மஹாகவி, 1960களில். ஐந்தடி. முதலாம், இரண்டாம், ஐந்தாம் அடிகள் ஒரே இயைபில் முடியும். மூன்றும் நாலும் குறுகிய அடிகள். ஐந்தாவதில் ஒரு குத்து இருக்க வேண்டும். இப்படி:

தேமாங்காய் பாடமென்றார் ஐயா
தேர்வுக்கு வருவதிது மெய்யா?
உப்போடு தூள்கலந்தே
ஒருதுண்டு தின்றபையன்
அடுத்தபாடம் கேட்டானாம் கொய்யா

நெட்டடிகளில் காய், காய், மா. குறளடிகளில் காய், காய். பிரித்துப் பார்ப்பது உங்கள் வேலை. வகுப்பில் யாப்பென்றால் முகம் சுளிப்பவர்களுக்கு இதைக் கொடுத்துத் தொடங்கினால் சிரித்துக்கொண்டே காய்ச்சீர் பழகிவிடுவார்கள்.

ஹைக்கூவும் புதுக்கவிதையும் இருக்கின்றன. இங்கே அசைக்கணக்கு இல்லை. அதனால் சுலபம் என்று நினைக்க வேண்டாம், கணக்குப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது என்றுதான் பொருள். வரிகளுக்கு ஐந்து, ஏழு, ஐந்து ஒலித்துண்டு என்னும் ஜப்பானிய அளவைத் தமிழில் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. மூன்று வரி, கடைசி வரியில் ஒரு திறப்பு, அவ்வளவுதான்.

யன்னலோர இருக்கை காலி
முன்னமே வந்து அமர்ந்திருக்கிறது
மழை

"மழை" முதல் வரிக்கு வந்தால் இது வெறும் செய்தி. வரியை எங்கே உடைப்பது, எந்தச் சொல்லைத் தனியே நிறுத்துவது என்பதுதான் இங்கே யாப்பு. உரைநடையை எழுதிவிட்டு நினைத்த இடத்தில் என்டர் தட்டுவதைக் கவிதை என்று கொண்டுவரும் பிள்ளைகளிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இந்த வரியை ஏன் இங்கே உடைத்தாய்? பதில் இருந்தால் கவிதை.

ஆறாம் படி: அணிகளில் நாலைந்து

கவிதைக்கு அழகு சேர்ப்பவை அணிகள். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம், பொருளால் அழகு தரும் பொருளணிகளை மட்டும் 35 ஆக எண்ணுகிறது. பயப்பட வேண்டாம். உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், சிலேடை, முரண் ஆகியவற்றைக் கையாளத் தெரிந்தால் உயர்தரம் வரை தாராளமாகப் போகலாம். சிலேடையைப் பார்த்துவிட்டோம்.

உவமைக்கு நாலு உறுப்பு. "நண்பகல் தண்டவாளம்போல் சுட்டது அவர் பேச்சு." பேச்சு உவமேயம், தண்டவாளம் உவமானம், போல் உவம உருபு, சுடுவது பொதுத்தன்மை. உருபு மறைந்து நின்றால் உவமைத்தொகை: கடல்மனம். இதையே முன்பின்னாக மாற்றி மனக்கடல் என்றால் உருவகம். உவமையில் உவமானம் முன்னே நிற்கும், உருவகத்தில் பின்னே போகும். பரீட்சையில் இந்த இரண்டையும் குழப்பிப் புள்ளியை விடுகிறவர்கள் ஏராளம். எது முன்னே நிற்கிறது என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

தற்குறிப்பேற்றம் மாணவர்களுக்குப் பிடிபடாமல் நழுவுகிற ஒன்று. கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளைப் பக்கம் ரயிலில் போங்கள். தண்டவாளத்தை ஒட்டிக் கருங்கல் அடுக்கியிருப்பார்கள், அலை வந்து மோதும். அது இயற்கை, தானாக நடப்பது. "ரயிலேறி ஊருக்குப் போகத்தான் அலை கல்லில் தொற்றி ஏறப் பார்க்கிறது" என்று நீங்கள் ஒரு காரணத்தை ஏற்றினால் அது தற்குறிப்பேற்றம். "அலை சிரித்தது" என்று மட்டும் சொன்னால் போதாது, அங்கே ஏற்றிய காரணம் எதுவும் இல்லை. நடப்பது இயல்பாக இருக்க வேண்டும், காரணம் உங்களுடையதாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் தேடினால் பிழைக்காது.

இலக்கிய நயம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "இங்கு உவமையணி பயின்று வந்துள்ளது" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குத் தாவாதீர்கள். அந்த உவமை அந்த இடத்தில் என்ன செய்கிறது, அதை எடுத்துவிட்டால் எது குறையும் என்று ஒரு வசனம் சேர்த்தால்தான் அது நயம். இல்லாவிட்டால் வெறும் பெயர்ப்பட்டியல்.

தேய்ந்த உவமைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிலவு முகம், மான் விழி, முத்துப் பல் எல்லாம் நூற்றாண்டுக்கணக்காக உழைத்துக் களைத்துவிட்டன. ஓய்வு கொடுங்கள். உங்கள் ஒழுங்கையிலும் சந்தையிலும் இன்னும் யாரும் கவிதைக்குள் இழுத்து வராத பொருள்கள் நிறையக் கிடக்கின்றன.

ஏழாம் படி: நாலு பேர் முன் வாசியுங்கள்

எழுதியதை வாய்விட்டு வாசித்தால்தான் தட்டும் இடம் தெரியும். வீட்டில் வாசிக்க வெட்கமென்றால் வெளியே இடம் இருக்கிறது. கொழும்பில் வலம்புரி கவிதா வட்டத்தின் போயா தினக் கவியரங்கு பெயர் பெற்றது, சுருக்கமாக வகவம் என்பார்கள். வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1942இல் தொடங்கியது, கூட்டங்களும் நடக்கும், நூலகமும் உண்டு. முதல் தடவை போய்ச் சும்மா உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தாலே போதும். மேடையில் ஒருவர் ஒரு வரியை இரண்டு முறை வாசித்தால், ஏன் அதை மட்டும் திரும்ப வாசித்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

யாப்புக்கு ஆழமாகப் போக விரும்பினால் அமிதசாகரரின் யாப்பருங்கலக் காரிகையை உரையோடு வாங்குங்கள், செட்டியார் தெருப் புத்தகக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். ஈழத்துக் கவிதைத் தொகுப்புகள் பல நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகவே வாசிக்கக் கிடைக்கின்றன.

அவலோகிதம் என்று ஒரு யாப்பு மென்பொருளும் இணையத்தில் உண்டு. பாட்டைக் கொடுத்தால் அசை, சீர், தளை எல்லாம் பிரித்துக் காட்டும். முதலில் கையால் பிரித்துவிட்டு, சரி பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். பொருளில்லாத வெற்று வரியிலும் தளை தட்டாவிட்டால் வெண்டளை சரி என்றே அது காட்டும். "பாணும் பருப்பும் பழமும் பனியும்" என்று அடுக்கினாலும் அதற்குக் குறையொன்றும் தெரியாது.